தொட்டால் ஷாக், அடிக்கடி ட்ரிப்: எர்த் கோளாறை அறிகுறி வைத்துப் பிடிக்கும் வழி

ஒரு சாதனத்தைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் அங்கே பழுது ஒன்றல்ல, இரண்டு. உள்ளே எங்கோ மின்சாரம் வெளித்தகட்டுக்குக் கசிகிறது. அந்தக் கசிவை மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டிய எர்த் வழியும் எங்கோ அறுந்திருக்கிறது. எர்த் ஒழுங்காக இருந்தால் கசிவு கையை எட்டாது, அல்லது பாதுகாப்பு சுவிட்ச் உடனே விழுந்திருக்கும், அதாவது ட்ரிப் ஆகி மின்சாரத்தை வெட்டியிருக்கும். பழுதுபார்க்கப் போகும் இடங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: ஷாக் அடித்த சாதனத்தை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், அறுந்த எர்த் அப்படியே கிடக்கும். அடுத்து கசியப்போகும் சாதனம் வரும்வரை அது யார் கண்ணிலும் படாது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் இரண்டு பக்கமும் தேடச் சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் முன்

அளவுகள் எல்லாம் 230 வோல்ட் வயரிங்குக்கானவை. கையில் தேவைப்படுபவை: கேட்-3 (CAT III) தரம் அச்சிட்ட டிஜிட்டல் மல்டிமீட்டர், சாக்கெட்டில் செருகும் மூன்று விளக்கு டெஸ்டர், ஒரு டார்ச்.

நியான் டெஸ்டரை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பக்கத்து ஒயரிலிருந்து தாவும் ஆபத்தில்லாத மின்னழுத்தத்துக்கும் அது ஒளிரும். நீங்கள் தடித்த ரப்பர் செருப்போடு மரப்பலகை மேல் நின்றால், உண்மையான ஃபேஸ் (மின்சாரம் வரும் ஒயர்) இருந்தும் மங்கிப்போகும். இரண்டு பக்கமும் ஏமாற்றும் கருவி அது.

மெயினை அணைத்தாலும் டி.பி. பெட்டிக்குள் (மின்சாரத்தை வீட்டின் சர்க்யூட்டுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) மெயின் சுவிட்சுக்கு முந்தைய முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே அந்தப் பெட்டியின் உள்மூடியைக் கழற்றும் வேலை எதையும் இந்தக் குறிப்பில் உங்களிடம் விடவில்லை. அது எலெக்ட்ரீஷியனுக்கு உரியது.

யாராவது மின்சாரத்தில் மாட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். சுமார் 10 மில்லி ஆம்பியர் உடம்பில் ஓடினாலே தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் இதயத் துடிப்பே குலைய வாய்ப்பு உண்டு. மெயின் தூரமாக இருந்தால் உலர்ந்த மரக்கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி போன்ற ஒன்றால் அவரைத் தள்ளி விலக்குங்கள். ஷாக் வாங்கியவர் எழுந்து நடமாடினாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

அறிகுறி 1: தடவினால் மட்டும் லேசாக விறுவிறுக்கிறது

லேப்டாப்பின் உலோக மூடி, கம்ப்யூட்டர் பெட்டி, ஃப்ரிட்ஜ் கதவு, மைக் ஸ்டாண்ட் போன்றவற்றை விரல் நுனியால் மெல்லத் தடவும்போது ஒரு அதிர்வு தெரியும். அழுத்திப் பிடித்தால் தெரியாது. எர்த் கோளாறுகளில் ஆக எளியது இதுதான், ஆக அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான்.

கம்ப்யூட்டர், டிவி, இன்வெர்ட்டர் வாஷிங் மெஷின் முதலியவற்றின் பவர் சப்ளையில் இரைச்சலைத் தடுக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை ஒரு மில்லி ஆம்பியருக்குக் கீழே, சிலவற்றில் 3.5 மில்லி ஆம்பியர் வரை, வேண்டுமென்றே எர்த் ஒயருக்குள் விடும். எர்த் இருந்தால் அது சத்தமில்லாமல் போய்விடும். இல்லாவிட்டால் வெளித்தகடு பாதி மின்னழுத்தத்தில், ஏறத்தாழ 115 வோல்ட்டில், மிதக்கும். ஆகவே இங்கே சாதனம் பெரும்பாலும் குற்றமற்றது, தேடவேண்டியது எர்த்தை.

முதலில் பிளக்கைப் பாருங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டர் வழியாகச் செருகியிருக்கிறார்களா? தடித்த எர்த் பின்னை வெட்டி எறிந்திருக்கிறார்களா? எர்த் பின் மற்ற இரண்டையும் விட நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: செருகும்போது எர்த் முதலில் சேரவேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விடவேண்டும். அதை வெட்டியவர் முழுப் பாதுகாப்பையும் வெட்டியிருக்கிறார்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். என் அனுபவத்தில் பாதிக் கேஸ் இங்கேயே முடிந்துவிடும். மேலே மூன்று துளை அழகாகத் தெரியும், உள்ளே வருவது எர்த் இல்லாத இரண்டு கோர் ஒயர். சாதனத்தை நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள். விறுவிறுப்பு நின்றால் பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று கோர் ஒயர் உள்ள ஒன்றை வாங்குங்கள்.

சுவர் சாக்கெட்டிலும் அதே விறுவிறுப்பா? அதே சாதனத்தை வேறு அறையில், வேறு சர்க்யூட்டில் செருகிப் பாருங்கள். அங்கே நின்றால் முதல் சாக்கெட்டில் எர்த் ஒயர் கழன்றிருக்கிறது. எங்கே செருகினாலும் இருந்தால் வீட்டுக்கே எர்த் இல்லை. அறிகுறி 6-க்கும் 8-க்கும் போங்கள்.

ஒரு விதிவிலக்கு. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி உள்ள சாதனங்கள் இரட்டைக் காப்பு கொண்டவை. அவற்றுக்கு எர்த் தேவையில்லை. இரண்டு பின் லேப்டாப் சார்ஜரில் வரும் மெல்லிய விறுவிறுப்பு அந்தக் கெப்பாசிட்டரால் வருவது. எரிச்சல் தரும், பழுது அல்ல. ஆனால் அது திடீரென்று பலமானால் சார்ஜரை உடனே மாற்றுங்கள்.

அறிகுறி 2: சுள்ளென்று பலமாக அடிக்கிறது

கை தானாகப் பின்னுக்கு வருகிற அளவுக்கு அடித்தால், இன்னொரு முறை தொட்டு உறுதிசெய்யாதீர்கள். எம்.சி.பி.யை (சுமை மிஞ்சினால் தானாக விழும், அந்தச் சர்க்யூட்டின் சுவிட்ச்) அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள்.

சாதனத்தின் பக்கம் சந்தேகப்படவேண்டிய வரிசை: பிளக்குக்குள் கழன்ற ஃபேஸ் இழை எர்த் பின்னில் படுவது, சாதனத்துக்குள் நுழையும் இடத்தில் ஒயர் உரசித் தோல் கிழிந்தது, ஹீட்டர் எலிமென்ட் வெடித்தது, மோட்டார் சுற்றில் ஈரம் இறங்கியது அல்லது காப்பு கருகியது. முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். மற்றவற்றுக்கு, கழற்றிய பிளக்கில் தடித்த எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டு பின்களுக்கும் இடையே மல்டிமீட்டரின் மெகா ஓம் அளவில் வையுங்கள். சாதனத்தின் சுவிட்ச் ஆனில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே எதுவும் அளவில் வராது. 1 மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் சாதனம் கசிகிறது.

அதிகமாகக் காட்டினால் சாதனம் நல்லது என்று அர்த்தமா? இல்லை. மல்டிமீட்டர் சில வோல்ட் கொடுத்துத்தான் அளக்கிறது. சில வோல்ட்டுக்குத் தாங்கும் காப்பு 230 வோல்ட்டுக்குத் தாங்காமல் போகலாம். அதைப் பார்க்க 500 வோல்ட் கொடுத்துக் காப்பை அளக்கும் மெகர் என்ற கருவி வேண்டும். மோட்டாரும் ஹீட்டரும் சந்தேகத்தில் இருந்தால் இங்கேயே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள்.

இனி இரண்டாவது பழுது. இவ்வளவு பலமாக அடித்தும் ஏன் எதுவும் ட்ரிப் ஆகவில்லை?

பலர் எம்.சி.பி. காப்பாற்றும் என்று நம்பியிருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். எர்த் குழியின் (எர்த் ஒயர் மண்ணில் இறங்கும் இடம்) மின்தடை 10 ஓம் என்று வையுங்கள். கசிவு மண் வழியாக மட்டுமே திரும்பவேண்டிய வீட்டில், ஃபேஸ் நேராக வெளித்தகட்டைத் தொட்டாலும் ஓடக்கூடியது 23 ஆம்பியர்தான். சி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனடியாக விழ 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். 23 ஆம்பியருக்கு அது நிமிடக்கணக்கில் சும்மா இருக்கும். அந்த நேரம் முழுவதும் தகட்டில் மின்சாரம் நிற்கும். எர்த் குழி இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, ஆனாலும் ஆள் பிழைப்பது நிச்சயமில்லை. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான். வெளியே போன மின்சாரமும் திரும்பி வந்ததும் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபட்டாலே அது வெட்டிவிடும்.

ஆர்.சி.சி.பி. இருந்தும் எர்த் அறுந்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கசிவு போக வழியில்லாததால் யாரும் தொடாதவரை அது விழாது. யாராவது தொட்டபிறகே, அவர் உடம்பு வழியாக மின்சாரம் ஓடிய பிறகே, விழும். எர்த் இருந்தால் மனிதர் தொடும் முன்பே விழுந்திருக்கும். ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி 3: குழாய்த் தண்ணீரில் ஷாக்

வெறுங்காலும் ஈரத் தரையும் சேரும் இடம் என்பதால் எல்லாவற்றையும் விட ஆபத்தானது இது. உடனே வாட்டர் ஹீட்டரையும் தண்ணீர் மோட்டாரையும் அணையுங்கள். யாரும் குளிக்கப் போகவேண்டாம்.

ஹீட்டரை மட்டும் அணைத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையைக் குழாயின் உலோகத்திலும் மற்றொன்றை நல்லது என்று தெரிந்த ஒரு சாக்கெட்டின் எர்த் துளையிலும் வைத்து ஏ.சி. வோல்ட் பாருங்கள். மின்னழுத்தம் போய்விட்டால் ஹீட்டர்தான். போகாவிட்டால் மோட்டார். இரண்டையும் அணைத்த பிறகும் இருந்தால், குழாய் எங்கோ சுவருக்குள் ஓடும் ஒயரைத் தொடுகிறது, அல்லது யாரோ குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அடுக்குமாடியில் அது வேறு ஒரு வீட்டிலிருந்துகூட வரலாம். இந்த மூன்றாவது நிலையில் வீட்டு மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியன் வரும்வரை காத்திருங்கள்.

ஹீட்டரில் காரணம் பெரும்பாலும் எலிமென்ட். உப்புப் படிந்து, உறை வெடித்து, உள்ளே இருக்கும் சுருள் நேராகத் தண்ணீரைத் தொடும். எலிமென்ட்டை மாற்றுவது சுலபம். ஆனால் அந்த ஹீட்டரின் எர்த் ஒயர் எங்கே போகிறது என்று பார்க்காமல் மாற்றாதீர்கள். பழைய வீடுகளில் எர்த் ஒயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பிறகு வந்தவர் நடுவில் ஒரு துண்டை மட்டும் பிளாஸ்டிக் குழாயாக மாற்றியிருப்பார். அந்த நிமிடமே எர்த் போய்விட்டது, குழாயின் மீதி நீளம் முழுவதும் ஷாக் கொடுக்கும் கம்பியாகிவிட்டது. எர்த்தை டி.பி. பெட்டி வரை தனி ஒயராகவே கொண்டுபோகவேண்டும். எரிவாயுக் குழாயில் கட்டியிருப்பதைப் பார்த்தால் அன்றே ஆளை வரவழையுங்கள்.

வாளியில் போடும் ஹீட்டர் கம்பிக்கு ஒரே விதி: பிளக்கைக் கையில் எடுத்த பிறகே தண்ணீரில் கை. சுவிட்சை அணைத்தது போதாது.

அறிகுறி 4: ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது

எரிச்சலில் அதைக் கழற்றி நேராக இணைத்துவிட்ட வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கும். காரணமில்லாமல் அது விழுவது மிக அபூர்வம். எப்போது விழுகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

குறிப்பிட்ட ஒரு சாதனத்தைப் போட்டால் விழுகிறது என்றால்: அந்தச் சாதனமே கசிகிறது. வேறு சாக்கெட்டில் போட்டு உறுதிசெய்யுங்கள். நீண்ட நாள் சும்மா கிடந்த ஓவன், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் ஆகியவற்றில் எலிமென்ட்டுக்குள் காற்றின் ஈரம் ஏறி முதல் தடவை விழச்செய்யும். வெயிலும் காற்றும் படும் உலர்ந்த இடத்தில் வைத்துப் பிறகு முயன்றால் சில சமயம் சரியாகும். திரும்பவும் விழுந்தால் எலிமென்ட்டை மாற்றவேண்டும்.

மழை பெய்தால் விழுகிறது என்றால்: வெளியே இருப்பவற்றைத் தேடுங்கள். கேட் விளக்கு, காலிங் பெல், மொட்டைமாடி சாக்கெட், மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி, தோட்டத்துக்குப் போகும் ஒயரின் ஜாயின்ட். வெளி சர்க்யூட்டின் எம்.சி.பி.யை அணைத்து வைத்தால் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள்.

ஒரு குறிப்பிட்ட விளக்கையோ ஃபேனையோ போட்டதும் விழுகிறது, அந்த விளக்கில் பழுதே இல்லை என்றால்: நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப்போகும் ஒயர்) கலந்திருக்கிறது. ஒரு ஆர்.சி.சி.பி. வழியாகப் போன ஃபேஸ் இன்னொரு சர்க்யூட்டின் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. இன்வெர்ட்டர் பொருத்திய மறுநாளிலிருந்து இந்தத் தொல்லை ஆரம்பித்தது என்றால் சந்தேகமே வேண்டாம். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் மெயின் லைனின் நியூட்ரலையும் ஒரே கட்டையில் முறுக்கியிருப்பார்கள். நியூட்ரல்களைப் பிரிப்பது எலெக்ட்ரீஷியன் வேலை.

எல்லா எம்.சி.பி.யையும் அணைத்த பிறகும் ஆர்.சி.சி.பி. நிற்கவில்லை என்றால்: இங்கேதான் பலர் ஆர்.சி.சி.பி.யே கெட்டுவிட்டது என்று புதிது வாங்கிப் பொருத்தி, அதுவும் விழுவதைப் பார்த்துக் குழம்புகிறார்கள். ஒற்றை எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே வெட்டுகிறது. நியூட்ரல் வெட்டுப்படாமல் அப்படியே இருக்கிறது. எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருந்தால் எம்.சி.பி. எதை அணைத்தாலும் பயனில்லை. நீங்கள் செய்யக்கூடியது: வீட்டிலுள்ள எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கே வெளியே வரவேண்டும். பிறகு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் செருகி ஆளைப் பிடிக்கலாம். நிற்காவிட்டால் பழுது சுவர் வயரிங்கில். சுவரில் ஆணி அடித்தது, புதிதாக ஃபேன் மாட்டியது, சாக்கெட் மாற்றியது என்று சமீபத்தில் நடந்த எந்த வேலையையும் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். அவர் நியூட்ரல் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கண்டுபிடிப்பார்; உங்கள் தகவல் அவருடைய நேரத்தைப் பாதியாக்கும்.

ஒழுங்கே இல்லாமல், நாளில் ஏதோ ஒரு நேரம் விழுகிறது என்றால்: சிறு சிறு கசிவுகள் கூடியிருக்கலாம். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் அது 15-க்கு மேல் எங்கேயும் விழ அனுமதி உண்டு. ஒரே ஆர்.சி.சி.பி.யில் பல கம்ப்யூட்டர்கள், எல்.இ.டி. டிரைவர்கள், இன்வெர்ட்டர் ஏ.சி. எல்லாம் சேர்ந்தால் சாதாரண நிலையிலேயே 10-ஐ நெருங்கிவிடும். பிறகு ஒரு சிறு அலை போதும். மில்லி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து எலெக்ட்ரீஷியன் அளந்தால் இது தெரிந்துவிடும். எப்போதும் நிற்கும் கசிவு 9 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும்படி சர்க்யூட்டுகளை இரண்டு மூன்று ஆர்.சி.சி.பி.க்குப் பிரிப்பதே தீர்வு. 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் உள்ளதை மாற்றிப் போடுவது தீர்வல்ல. அவை தீ விபத்தைத் தடுக்க. மனிதரைக் காக்க அல்ல.

அறிகுறி 5: டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஆர்.சி.சி.பி. விழவில்லை

வீட்டில் மின்சாரம் இருக்கும்போது அழுத்தியும் விழவில்லை என்றால் அதை அன்றே மாற்றுங்கள். இடையில் வேறு சோதனை தேவையில்லை. நீண்டகாலம் அசையாத உள்பாகம் இறுகிப்போவது உண்டு. அதனால்தான் அவ்வப்போது அழுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று: பட்டன் அழுத்தி விழுந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அந்தப் பட்டன் எர்த் ஒயரைத் தொடுவதே இல்லை. எர்த்தே இல்லாத வீட்டிலும் அது ஒழுங்காக விழும்.

அறிகுறி 6: சாக்கெட்டில் அளவுகள் ஒத்துவரவில்லை

மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, முனைகளின் பிளாஸ்டிக் பகுதியை மட்டும் பிடித்து, மூன்று ஜோடியையும் அளந்து தாளில் எழுதுங்கள். நல்ல சாக்கெட்டில் ஃபேஸ்–நியூட்ரல் 230 அருகே, ஃபேஸ்–எர்த் அதே அளவு, நியூட்ரல்–எர்த் பூஜ்யத்திலிருந்து இரண்டு மூன்று வோல்ட் வரை இருக்கும்.

ஃபேஸ்–எர்த் மட்டும் 40, 90, 120 என்று எதையோ காட்டி ஆடினால் எர்த் அறுந்திருக்கிறது; மீட்டர் காட்டுவது தாவிய மின்னழுத்தம். மெயினை அணைத்து, எல்லாத் துளைகளிலும் பூஜ்யம் என்று உறுதிசெய்துகொண்டு, இந்தச் சாக்கெட்டின் எர்த் துளைக்கும் நல்ல சாக்கெட்டின் எர்த் துளைக்கும் இடையே ஒரு நீள ஒயரின் உதவியோடு ஓம் அளவிடுங்கள். அந்த ஒயரின் சொந்தத் தடையைக் கழித்து மிஞ்சுவது 1 ஓமுக்குள் இருக்கவேண்டும். அதிகமானால் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். எர்த் ஒயர் போடப்படாமல் வெறுமையாக இருக்கும் திருகு, பெயின்ட் மேல் இறுக்கிய லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு), ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் வெறும் முறுக்கு மட்டும் போட்ட ஜாயின்ட்: இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் அகப்படும்.

நியூட்ரல்–எர்த் 10 வோல்ட்டைத் தாண்டினால் நியூட்ரலில் லூஸ் கனெக்ஷன் இருக்கலாம், அல்லது ஒயர் தாங்காத சுமை ஓடுகிறது. 230 காட்டினால், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறது. அப்படியானால் சுவிட்ச் நியூட்ரலைத்தான் வெட்டுகிறது. அணைத்த சாதனத்துக்குள்ளும் ஃபேஸ் நிற்கிறது.

நியூட்ரல்–எர்த் எப்போதும் அச்சாகப் பூஜ்யம் என்றால்தான் அதிகம் எச்சரிக்கை வேண்டும். அதே சாக்கெட் வரிசையில் ஹீட்டர் போன்ற பெரிய சுமையை ஓடவிட்டு அளந்தும் 0.0 என்றே நின்றால், யாரோ சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்திருக்கிறார்கள். மூன்று விளக்கு டெஸ்டர் இதைச் 'சரி' என்றே காட்டும். ஆனால் பின்னால் எங்காவது நியூட்ரல் அறுந்தால், அந்தச் சாக்கெட்டில் செருகிய ஒவ்வொரு சாதனத்தின் வெளித்தகடும் முழு 230 வோல்ட்டுக்கு ஏறிவிடும். மின் விநியோகம் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் விதிப்படி இரண்டையும் சேர்ப்பது வேறு. சாக்கெட்டுக்குள் சேர்ப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

பல்பு வைத்துப் பார்ப்பது பற்றி: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு குண்டு பல்பைப் பிடித்து, எரிந்தால் எர்த் நல்லது என்று சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இரண்டு காரணத்தால் வேண்டாம் என்கிறேன். 100 வாட் பல்பு எரியும்போது அதன் தடை 500 ஓமுக்கு மேல். எர்த் குழி 50 ஓமாகக் கெட்டிருந்தாலும் பல்பு பளிச்சென்றே எரியும். இரண்டாவது காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. எர்த் டி.பி.க்கு அப்பால் அறுந்திருந்தால், நீங்கள் பல்பு வழியாக விடும் மின்சாரம் வீட்டின் எல்லா எர்த் ஒயர்களுக்கும் ஏறும். பக்கத்து அறையில் ஃப்ரிட்ஜைப் பிடித்திருப்பவருக்கு அடிக்கும்.

அறிகுறி 7: சில விளக்குகள் மங்கல், சில கண்கூசும் பிரகாசம்

இது எர்த் கோளாறு போலவே வந்து ஏமாற்றும் நியூட்ரல் கோளாறு. மூன்று ஃபேஸ் வரும் கட்டடத்தில் பொது நியூட்ரல் கழன்றால் ஒரு பக்கம் 150-க்கு இறங்கும், இன்னொரு பக்கம் 300-ஐத் தாண்டி 400-ஐ நோக்கி ஏறும். மீட்டரைத் தேடாதீர்கள். மெயினை அணையுங்கள், மின் விநியோக அலுவலகத்தையும் எலெக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள்.

ஒற்றை ஃபேஸ் வீட்டில் இதன் வடிவம் வேறு: எதுவும் ஓடாது, ஆனால் சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் ஒளிரும். அப்போது அவசரத்துக்கு எர்த்தை நியூட்ரலாகப் போட்டு விளக்கெரிக்கும் வேலையை யாரும் செய்ய விடாதீர்கள். விளக்கு எரியும். எர்த் ஒயரில் சுமை ஓடும், அந்த எர்த்தோடு இணைந்த எல்லாத் தகடும் தொடக்கூடாததாகும்.

எர்த் ஒயர் சூடாவதும், பிளக்கின் எர்த் பின் பழுப்பாகக் கருகுவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட 'கடன்' வாங்கல்களால்தான். நல்ல நாளில் எர்த் ஒயரில் சில மில்லி ஆம்பியருக்கு மேல் எதுவும் ஓடக்கூடாது. கையில் சூடு தெரிந்தால் உடனே ஆளை அழையுங்கள்.

அறிகுறி 8: வறண்ட காலத்தில் ஷாக் வருகிறது, மழைக்குப் பிறகு போய்விடுகிறது

பழுது எர்த் குழியில். மண் காய்ந்ததும் மின்தடை பலமடங்கு ஏறுகிறது.

செலவில்லாததை முதலில் செய்யுங்கள். குழி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். சிமென்ட் தளம் போட்டு மூடியிருப்பார்கள், அல்லது பெயின்ட் அடித்தவர் ஒயரை வெட்டி ஒதுக்கியிருப்பார். கண்ணால் மட்டும் பாருங்கள்: கிளாம்ப் துருப்பிடித்திருக்கிறதா, ஒயர் இழைகள் அறுந்திருக்கின்றனவா, தாமிரமும் இரும்பும் நேராகத் தொடும் இடத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா? அந்த ஒயரைக் கையால் கழற்றாதீர்கள். வீட்டில் எங்கேனும் கசிவு இருந்தால், கழற்றிய முனைக்கும் குழிக்கும் இடையே முழு மின்னழுத்தமும் நிற்கும்.

குழியில் தண்ணீர் ஊற்றி அறிகுறி குறைந்தால் காரணம் உறுதி. உப்புக் கொட்டினால் இன்னும் இறங்கும். ஆனால் மழையில் கரைந்து போய்விடும், இருக்கும்வரை குழிக்குள் புதைத்த எர்த் கம்பியை அரிக்கும். பென்டோனைட் போன்ற ஈரம் பிடிக்கும் களிமண் நிரப்புவது நீண்டநாள் தாங்கும். அதற்கும் மேலே செலவு என்றால் இரண்டாவது கம்பி. இரண்டுக்கும் இடையே குறைந்தது ஒரு கம்பியின் நீளத்துக்கு இடைவெளி வேண்டும். பக்கத்திலேயே அடித்தால் இரண்டும் ஒரே மண்ணையே பங்குபோட்டுக்கொள்ளும், பணம் வீண்.

மல்டிமீட்டரால் எர்த் குழியை அளக்க முடியாது. துணைக்கம்பிகள் இரண்டை மண்ணில் நட்டு அளக்கும் எர்த் டெஸ்டர் வேண்டும். 5 ஓமுக்குள் வந்தால் மகிழ்ச்சி. பாறை நிலத்தில் அது நடக்காமல் போகலாம். அங்கே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒழுங்காக இருந்தால் 100 ஓம்கூடப் பாதுகாப்பு தரும்: 0.03 ஆம்பியரில் தகட்டில் எழுவது 3 வோல்ட்தான். 200-ஐத் தாண்டினால் பருவம் மாறும்போது நிலைக்காது, நம்பக்கூடாது.

எலெக்ட்ரீஷியன் வந்து வேலை முடித்ததும் மூன்று அளவுகளை எழுதி வாங்குங்கள்: எர்த் குழி எத்தனை ஓம், ஒவ்வொரு சர்க்யூட்டின் காப்பும் மெகரில் எத்தனை மெகா ஓம், ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி ஆம்பியரில் எத்தனை மில்லி செகண்டில் விழுந்தது. 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி செகண்டுக்குள், 150-இல் 40-க்குள் அது விழவேண்டும். அளக்கும் கருவி இல்லை என்பவரிடம் கருவியோடு வரச்சொல்லுங்கள். தேதி போட்டு அந்தத் தாளை டி.பி. பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டால், அடுத்த வறண்ட காலத்தில் எடுக்கும் அளவை இதோடு ஒப்பிட்டு, குழி கெடுகிறதா வயரிங் கெடுகிறதா என்பதை ஷாக் அடிக்கும் முன்பே சொல்லிவிடலாம்.